ஆன்லைனில் சர்வதேச உறவுகள் அசோசியேட் டிகிரி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சர்வதேச உறவுகளும் தூதரகவியலும் படிக்க மகள் ஆசைப்படுகிறாள், அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் இரண்டு வருட ஆன்லைன் அசோசியேட் டிகிரி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு தூதரகப் பணிக்குப் போவது கடினம். நான்கு வருட இளங்கலையின் முதல் பாதியாகத் திட்டமிட்டுப் படித்தால் மிக நல்ல தொடக்கம்.

கணக்கைப் பாருங்கள். படிப்பின் அளவை 'கிரெடிட்' என்ற அலகில் கணக்கிடுவார்கள். அசோசியேட் டிகிரி பொதுவாக 60 கிரெடிட், இளங்கலை 120. ஐ.நா.வின் இளம் வல்லுநர் திட்டத் தேர்வெழுத இளங்கலைப் பட்டம் கட்டாயம், வயது 32-ஐத் தாண்டக்கூடாது, அந்த வருடப் பட்டியலில் அவளுடைய நாடும் இருக்க வேண்டும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்கே இளங்கலை கடைசி வருடத்துக்கு வந்திருக்க வேண்டும். அமெரிக்க வெளியுறவு அதிகாரி பணிக்குக் குறிப்பிட்ட பட்டம் வேண்டும் என்று விதி இல்லை, குடியுரிமைதான் கட்டாயம். ஆனால் அவளோடு போட்டியிடுபவர்களில் பலர் முதுகலை முடித்தவர்களாக இருப்பார்கள்.

ஆகவே அந்த 60 கிரெடிட்டும் அடுத்த பல்கலைக்கழகத்தில் செல்லுமா என்பதுதான் முதல் கேள்வி. எங்கே இளங்கலை முடிக்கப் போகிறாள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதோடு கிரெடிட் மாற்ற ஒப்பந்தம் வைத்திருக்கும் கல்லூரியைத் தேடுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் பாருங்கள். கல்லூரியின் விளம்பரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். டிகிரியின் பெயரில் 'அப்ளைட்' என்ற சொல் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த வகை நேரடியாக வேலைக்குப் போகிறவர்களுக்கானது, அதன் பாடங்களைப் பல பல்கலைக்கழகங்கள் இளங்கலைக் கணக்கில் ஏற்பதில்லை.

பெற்றோர் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "எல்லா கிரெடிட்டையும் ஏற்றுக்கொள்கிறோம்" என்று அடுத்த பல்கலைக்கழகத்தில் சொல்வார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால், ஒப்பீட்டு அரசியல் பாடம் முதன்மைப் பாடக் கணக்கில் சேராமல் பொது விருப்பப் பாடமாக விழுந்திருக்கும். கிரெடிட் கையில் இருந்தும் அதே பாடத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டி வரும். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் படித்த அன்றே பிடிஎஃப்-ஆகச் சேமித்துவைக்கச் சொல்லுங்கள். மேல்முறையீடு செய்ய அதுதான் ஆதாரம். சி கிரேடுக்குக் கீழே வாங்கிய பாடத்தை அடுத்த பல்கலைக்கழகம் பெரும்பாலும் ஏற்காது.

மொழிப் பாடத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டும். இந்தத் துறையின் இளங்கலைப் படிப்புகள் பலவற்றில் நான்கு செமஸ்டர் அளவு வெளிநாட்டு மொழி கேட்கிறார்கள். ஒன்றை முடிக்காமல் அடுத்ததை எடுக்க முடியாது என்பதால், இரண்டாம் வருடத்தில் தொடங்கினால் படிப்பே நீளும். பிரெஞ்சு, அரபு, ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம் ஆகிய ஐந்தும் ஆங்கிலத்தோடு ஐ.நா.வின் அலுவல் மொழிகள்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 15 வார செமஸ்டரில் வாரம் ஒன்பது மணி நேரம் தேவை. அதே பாடத்தை எட்டு வாரத்தில் முடிக்க வைத்தால் ஏறத்தாழ பதினேழு மணி. வேலை பார்த்துக்கொண்டே அப்படி இரண்டு பாடம் எடுப்பவர்கள் நடுவில் விட்டுவிட வாய்ப்பு அதிகம். பாடத்திலிருந்து விலகியது டிரான்ஸ்கிரிப்டில் (அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவில்) பதிவாகும், அமெரிக்க அரசு நிதியுதவி பெறுபவராக இருந்தால், அதற்காகப் பார்க்கும் படிப்பு முன்னேற்றக் கணக்கிலும் இடிக்கும்.

பாடநூலோடு நிற்காமல் மூல ஆவணங்களைப் படிக்கப் பழகட்டும். தூதரக உறவுகளுக்கான 1961 வியன்னா ஒப்பந்தம் 53 பிரிவுகள்தான். ஒன்பதாம் பிரிவின்படி ஒரு நாடு காரணம் சொல்லாமலே ஒரு தூதரை ஏற்க முடியாதவர் என அறிவிக்கலாம். 31-ஆம் பிரிவு தூதருக்குக் குற்ற வழக்கிலிருந்து விலக்கு தருகிறது, 41-ஆம் பிரிவு அவர் அந்நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்து, நடப்புச் செய்தி ஒன்றைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பரிந்துரை முதல் பத்தியிலேயே வர வேண்டும். அப்படி நன்றாகத் திருத்திய ஒரு குறிப்பு, இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தில் எழுத்து மாதிரி கேட்டால் கைகொடுக்கும்.

நீங்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் இன்னொன்று: முழு ஆன்லைன் படிப்பை வைத்து எஃப்-1 மாணவர் விசா கிடைக்காது. பிறகு அங்கே நேரில் படிக்கும்போதும், முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும்.

இப்போது செய்ய வேண்டியது, அவள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் பிரிவுக்குப் பாடப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பி, எந்தப் பாடம் எந்தத் தேவைக்குக் கணக்காகும் என்று எழுத்தில் பதில் வாங்குவது. போனில் சொன்ன பதிலை நம்பிச் சேர வேண்டாம்.