நங்கநல்லூரிலிருந்து சென்ட்ரலுக்கு: எத்தனை மணிக்குக் கிளம்புவது?

பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் அடுத்த மாதம் சென்ட்ரலிலிருந்து பிற்பகல் 2.25-க்குப் புறப்படும் வந்தே பாரத் ரயிலில் கோவை செல்கிறோம். பிறகு மற்றொரு நாள், எழும்பூரிலிருந்து இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் பயணம். எனக்கு முழங்கால் வலி உண்டு. ஆட்டோ, டாக்சிக்குப் பதிலாக மெட்ரோவை நம்பலாமா? எவ்வளவு முன்னதாகக் கிளம்ப வேண்டும்?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: தாராளமாக நம்பலாம். உங்கள் பயணத்தில் நேரத்தை உறுதியாகக் கணக்கிடக் கூடிய பகுதி மெட்ரோ ஒன்றுதான். வீட்டு வாசலிலிருந்து மெட்ரோ நிலையம் வரைக்கும், மெட்ரோவை விட்டு இறங்கியதிலிருந்து உங்கள் இருக்கை வரைக்கும் ஆகும் நேரத்தைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆகவே, ரயில் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

வந்தே பாரத்தின் கதவுகள் தானாக மூடிக்கொள்பவை. வண்டி நகரும்போது ஓடிச் சென்று ஏறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. 2.05-க்குள் இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் மெட்ரோ நிலையம் பூமிக்கடியில் பல தளங்களாக அமைந்திருப்பதால், லிஃப்டுக்குக் காத்திருந்து மேலே வருவதற்கும், ரயில் நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையைக் கடப்பதற்கும், உங்கள் பெட்டியைத் தேடி நடப்பதற்கும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குவது நல்லது. நங்கநல்லூர் சாலை நிலையத்திலிருந்து சென்ட்ரல் வரை பயணம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதன்படி 12.45-க்கு நீங்கள் மெட்ரோ நடைமேடையில் நின்றால் போதும், வீட்டிலிருந்து 12.15-க்குக் கிளம்பினால், பைகளை ஸ்கேனரில் வைத்து எடுப்பதற்கும் பயணச்சீட்டு வாங்குவதற்கும் பதற்றமின்றி நேரம் கிடைக்கும். சீட்டை முன்கூட்டியே கைபேசியில் வாங்கிவிட்டால் வரிசையில் நிற்கும் சிரமமும் இல்லை.

நடைமேடைப் பலகையில் நீங்கள் தேட வேண்டிய பெயர் சென்ட்ரல் அன்று, விம்கோ நகர். நீல வழித்தட வண்டி சென்ட்ரலைத் தாண்டி வடசென்னை வரை செல்வதால், வண்டியின் முகப்பில் கடைசி நிலையத்தின் பெயர்தான் இருக்கும். கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை வழியாகச் செல்லும் இந்த வண்டியில் ஏறினால் எங்கும் மாற வேண்டியதில்லை. ஆலந்தூரில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாறினாலும் சென்ட்ரல் சென்று சேரலாம் என்றாலும், அது வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் என்று சுற்றிக்கொண்டு போகும் பாதை. உங்களுக்கு அது வேண்டாம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சென்ட்ரல் மிகவும் உகந்த நிலையம் என்பதையும் சொல்ல வேண்டும். தண்டவாளங்கள் அங்கேயே முடிவடைவதால், எல்லா நடைமேடைகளுக்கும் முன்கூடத்திலிருந்து படியேறாமலே நடந்து செல்லலாம். நீளமான வண்டியென்றால் கடைசிப் பெட்டி வரை அரை கிலோமீட்டர் நடக்க நேரிடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: இதே கோவைக்குக் காலை 6 மணியையொட்டிப் புறப்படும் ரயிலில் நீங்கள் முன்பதிவு செய்திருந்தால், மெட்ரோ வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். மெட்ரோ சேவை பொதுவாகக் காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. முதல் வண்டியைப் பிடித்தாலும் சென்ட்ரலில் மூச்சு வாங்க ஓட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சாலைகள் காலியாக இருப்பதால் டாக்சியே நல்லது. திரும்பி வரும் நாளிலும், இரவு 11 மணிக்கு மேல் வந்து சேரும் ரயிலாக இருந்தால் மெட்ரோவை எதிர்பார்க்காதீர்கள்.

இனி எழும்பூர். முதலில் பயணச்சீட்டில் புறப்படும் நிலையத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல், எம்.எஸ். என்றால் எழும்பூர், டி.பி.எம். என்றால் தாம்பரம். எழும்பூரில் மறுசீரமைப்புப் பணிகள் நடப்பதால், தென்மாவட்ட வண்டிகள் சில அண்மைக் காலத்தில் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டன. எனவே பயணத்துக்கு முந்தைய நாளும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் எழும்பூர் பச்சை வழித்தடத்தில் மட்டுமே உள்ளது. நீங்கள் சென்ட்ரல் வரை சென்று, அங்கு வேறு தளத்துக்கு மாறி, ஒரே ஒரு நிலையம் பயணம் செய்ய வேண்டும். மாறுவதற்கு மட்டும் கால் மணி நேரம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழவந்தாங்கலிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் மாறாமலே எழும்பூரில் இறங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மாலை நேர நெரிசலில் பெட்டிகளுடன் அதில் ஏறி இறங்குவதை உங்களுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

எழும்பூருக்குப் போகத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். மதுரை செல்லும் பாண்டியன் தாம்பரத்திலும் நிற்கிறது. அதுவோ உங்கள் வீட்டுக்கு அருகில், செல்லும் திசையிலேயே இருக்கிறது. ஏறும் நிலையத்தை முன்கூட்டியே தாம்பரம் என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை இராது. தாம்பரத்தில் வண்டி சில நிமிடங்களே நிற்கும் என்பதால், உங்கள் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதை அறிந்து அங்கேயே நிற்க வேண்டும். பெட்டிகளை ஏற்றிக் கொடுக்க மகனோ மருமகளோ உடன் வருவார்களானால் தாம்பரமே மேல். நீங்கள் இருவர் மட்டும் என்றால், வண்டி முன்னதாகவே வந்து நிற்கும் எழும்பூருக்குச் செல்லுங்கள்.

கேள்வி: விஜயவாடாவிலிருந்து சென்ட்ரல் வந்து, அதே நாளில் எழும்பூரிலிருந்து திருச்சிக்கு வண்டி பிடிக்க வேண்டும். இடையில் ஒரு மணி நேரம் போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: மெட்ரோவில் அடுத்த நிலையம்தான் என்பதால், சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏற அந்த ஒரு மணி நேரம் போதும், ஆனால் உங்கள் முதல் ரயில் தாமதமானால் போதாது. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வையுங்கள். முன்பதிவு செய்யும்போது இரு பயணங்களின் பி.என்.ஆர். எண்களையும் இணைக்கும் வசதி 2019 ஏப்ரல் முதல் உள்ளது. முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவது வண்டியைத் தவறவிட்டால், விதிகளுக்கு உட்பட்டுக் கட்டணத்தைத் திரும்பக் கோர அது உதவும். இரண்டு சீட்டுகளிலும் பயணிகளின் பெயர், வயது முதலிய விவரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும்.