கார்த்திகையில் ராமேஸ்வரம் போகலாமா? மதுரை மழையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. கார்த்திகை முடிவதற்குள் இருவரையும் ராமேஸ்வரம் கூட்டிப் போய்த் தீர்த்தமாட வைத்து, தனுஷ்கோடியையும் காட்டிவிட்டு வர ஆசை. செல்போனில் வானிலை ஆப்பைத் தினமும் பார்க்கிறேன். நேற்று 80 சதவீதம் மழை என்றது, இன்று 40 என்கிறது. விடியற்காலையில் கிளம்பி ஒரே நாளில் முடித்துவிடலாமா, ரூம் போடணுமா? பேசாமல் தை மாதத்துக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: தள்ள முடியும் என்றால் தள்ளுங்கள். பொங்கல் கழிந்து மாசி வரைக்கும் அந்தத் தீவில் வானம் தெளிவாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தை அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குக் கூடும் கூட்டத்தில் வயதானவர்களை நடத்திக் கூட்டிப் போவது பெரும்பாடு. கார்த்திகையில்தான் போயாக வேண்டும் என்றாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே நாளில் போய்வரும் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். குறைந்தது ஒரு ராத்திரி, முடிந்தால் இரண்டு ராத்திரி தங்குவது போல வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். நம் மதுரைப் பக்கம் மழை பெரும்பாலும் சாயங்காலத்து ஆள். பகலெல்லாம் வெயில் காய்ந்து, தரை சூடேறி, நாலு மணிக்கு மேல் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். அதனால் ‘காலையிலேயே கிளம்பி, மழைக்கு முன்னால் திரும்பிவிடலாம்’ என்று நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கடற்கரையில், அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இது தலைகீழ். ராத்திரியில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கடல் சூடாகவே இருக்கும். நிலத்திலிருந்து வீசும் குளிர்காற்றும் கிழக்கே இருந்து வரும் ஈரக்காற்றும் கரையோரம் மோதிக்கொள்ளும். மேகம் கடலுக்கு மேலேயே உருவாகி, நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை கரையில் வந்து கொட்டும். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெளிவாங்கி, மதியத்தில் பளிச்சென்று வெயில் அடிப்பதும் உண்டு. நீங்கள் அக்னி தீர்த்தத்தில் நிற்க நினைக்கும் அதே ஐந்து, ஆறு மணிதான் அங்கே மழைக்கும் பிடித்த நேரம்.

அப்புறம் அந்த 80 சதவீதம். நாள் முழுவதில் 80 சதவீத நேரம் மழை பெய்யும் என்று அதற்கு அர்த்தமில்லை. அன்றைக்கு ஏதோ ஒரு நேரத்தில் மழை விழ அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு அரை மணி நேரம் பெய்துவிட்டு நின்றாலும் ஆப் சொன்னது சரிதான். இன்னொன்று, ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவு ஒடுங்கலான மணல் துண்டு, சுற்றிலும் கடல். உலகத்துக்கே கணிக்கும் கணினிக் கணக்குக்கு அது நிலமா கடலா என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம். பத்து நாளைக்கு முன்னால் வரும் சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். இரண்டு நாள் முன்பிருந்து சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட அறிவிப்பில் ராமநாதபுரத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள். மஞ்சள் என்றால் சுமார் 6 முதல் 11 செ.மீ. வரை மழைக்கு வாய்ப்பு. கையில் மழைக்கோட்டு இருந்தால் போகலாம். ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ.; பெரியவர்களோடு போவதாக இருந்தால் நான் தள்ளிப்போடச் சொல்வேன். சிவப்பு என்றால் பேச்சே இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பெரிய புயல் எதுவும் வந்து அடிக்காமலே பெய்த மழை அது.

மழையைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது காற்றை. மழையில் கோயிலுக்குள் சாமி கும்பிடலாம், பிரகாரத்தைச் சுற்றி வரலாம். காற்று பிடித்துக்கொண்டால் தனுஷ்கோடியும் இல்லை, கடல் குளியலும் இல்லை, சில நேரம் ரயிலும் இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் விழாமல் இருந்தது. ரயில் அப்படியே நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் கடலுக்கு நடுவில்தான் நிற்கிறது, காற்று கடுமையானால் அதிலும் ரயிலை விட மாட்டார்கள். அந்த மாதிரி நாட்களில் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ ரயிலை நிறுத்திவிடுவார்கள். மூட்டை முடிச்சோடு இறங்கி பஸ் பிடித்து, பக்கத்திலேயே இருக்கும் சாலைப் பாலம் வழியாகத் தீவுக்குள் போக வேண்டியிருக்கும். ஆகவே காற்று எச்சரிக்கை இருந்தால் முதலிலிருந்தே காரோ வேனோ எடுத்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்திலிருந்து ரிங் ரோடு பிடித்து விரகனூர், மானாமதுரை, பரமக்குடி வழியாகப் போகலாம். மதுரையிலிருந்து சுமார் 170 கி.மீ. எச்சரிக்கை இல்லாவிட்டால் ரயில்தான் பெரியவர்களுக்குச் சுகம். கால் நீட்டலாம், கழிப்பறை இருக்கிறது, பாலத்தைக் கடக்கும்போது உங்கள் அப்பா ஜன்னலை விட்டு நகர மாட்டார்.

செய்தியில் ‘வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு’ என்று கேட்டதும் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள். அது எங்கே போகிறது என்று பாருங்கள். சென்னை, ஆந்திரா பக்கம் ஏறினால் ராமேஸ்வரத்தில் மழையே இல்லாமல் போகலாம். இலங்கையை ஒட்டியோ மன்னார் வளைகுடா, குமரிக் கடல் பக்கமோ இருந்தால்தான் உங்களுக்குச் சங்கதி. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்த பிறகும் ராமநாதபுரம் கரையோரத்தில் நகராமல் கிடந்தது. இந்த மாதிரி ஓரிடத்தில் கிடப்பதுதான் ஓடும் புயலைவிடத் தொல்லை, மழை விடாது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். 1, 2 என்றால் எங்கோ தொலைவில் ஒன்று உருவாகியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று அர்த்தம். 3 வந்துவிட்டால் அந்தத் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும். 3 ஏறிய பிறகு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

ஊருக்குள் போய்விட்டால் இதைவிடச் சுலபமான அடையாளம் ஒன்று உண்டு. ‘இன்றைக்குப் படகுக்கு டோக்கன் கொடுத்தார்களா?’ என்று ஆட்டோக்காரரிடம் கேளுங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கும் அனுமதிச் சீட்டு அது. காற்று எச்சரிக்கையால் அதை நிறுத்திவிட்டார்கள் என்றால் தனுஷ்கோடியை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

இப்போது அங்கே இருக்கும் நாட்களை எப்படி அமைப்பது என்பதற்கு வருகிறேன். மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். சாப்பிட்டுவிட்டு, காற்று அடங்கியிருந்தால் அன்றைக்கே தனுஷ்கோடி. ‘முதலில் சாமி, அப்புறம்தான் கடல்’ என்று அம்மா சொல்லக்கூடும். ஆனால் கிடைக்கும் மதிய வெயிலை விட்டுவிட்டால் மறுநாள் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கோயில் எங்கேயும் போகாது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, வண்டியிலேயே கடைசி வரை போய்விடலாம். இருட்டும் முன்பே வெளியேறச் சொல்லிவிடுவார்கள், எனவே மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். கார்த்திகையில் வாடைக்காற்று அடிப்பதால் வழக்கமாகச் சாதுவாக இருக்கும் வடக்குப் பக்கமும் சீறும். இரண்டு பக்கமும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முனையில் நீரோட்டம் பொல்லாதது. குடையைக் கொண்டு போகாதீர்கள், கம்பி மட்டும்தான் கையில் மிஞ்சும். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன தேவாலயத்தின் சுவர்கள் வழியிலேயே இருக்கின்றன. அப்பாவுக்கு அந்தப் புயல் வந்த காலம் நினைவில் இருக்கலாம், அங்கே கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

மறுநாள் தீர்த்தம். விடியற்காலையில் மழை பிடித்திருந்தால் அவசரப்படாதீர்கள். ஸ்படிக லிங்க தரிசனம் மட்டும் அந்த நேரத்தில்தான், அதற்கு வேண்டுமானால் நனைந்தாவது போகலாம். அக்னி தீர்த்தக் கடல் குளியலையும் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தக் கிணறுகளையும் ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் கடற்கரையில் கொஞ்சம் வெளிச்சமும் வெதுவெதுப்பும் இருக்கும். மதியம் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத் திறப்பார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டம் வேறு இருக்கும். வரிசை நகர நேரமாகும். வாளி வாளியாகத் தண்ணீர் தலையில் விழுந்தபடி ஒவ்வொரு கிணறாக நடக்க வேண்டும். கல்தரை வழுக்கும், வாடைக்காற்றில் பெரியவர்களுக்கு நடுக்கம் எடுக்கும். அப்பாவுக்கு முடியாவிட்டால் தலையில் தெளித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஈரத்துணியோடு சாமி சந்நிதிக்கு விடுவதில்லை, எனவே மாற்றுத்துணி கட்டாயம். ஆளுக்கு மூன்று செட் எடுத்து வையுங்கள்; அந்த ஈரக்காற்றில் துவைத்துப் போட்டால் மறுநாளும் காயாது.

அக்னி தீர்த்தத்தில் சில நாள் கடல் பல அடி உள்வாங்கிப் பாசியும் பாறையும் தெரியும். சுனாமி என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுவார்கள். காற்று தண்ணீரை ஒரு பக்கம் தள்ளுவதால் அந்த ஆழமில்லாத கடலில் அடிக்கடி நடப்பதுதான் இது. அதற்காக உள்வாங்கிய இடத்தில் நடந்து போய்ப் பார்க்க வேண்டாம்.

ரூமைக் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் போடுங்கள். தேதி மாற்றினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கனமழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் கட்டும், கரண்டும் போகும். லிஃப்டை நம்பி மூன்றாவது மாடி எடுக்காதீர்கள், முதல் மாடி போதும். மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்; பாலத்தில் போக்குவரத்து நின்றால் தீவிலேயே இருக்க வேண்டி வரும். திரும்பி வரும் நாளன்று மதுரையிலிருந்து வேறு எந்த ரயிலுக்கும் டிக்கெட் போட்டு வைக்காதீர்கள்.