அந்த சி.ஆர். கொப்பி இப்போது யாரிடம்?

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். கொவிட் நேரத்தில் எங்கள் வீட்டில் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. தொற்றாளரோடு பழகியவர்களைத் தேடித் தடமறியும் அப் ஒன்றைப் போனில் போடச் சொல்லி இவர் ஒரே கரைச்சல். நான் கடைசிவரை போடவில்லை. எந்நேரமும் புளூடூத்தைத் திறந்து வைக்கச் சொல்கிறது, லொகேஷன் கேட்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, போன கடையெல்லாம் வாசல் கொப்பியில் பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) நம்பர், போன் நம்பர் ஒழுங்காக எழுதிவிட்டுத்தான் உள்ளே போனேன். மாமாவோ “ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்” என்கிறார். இன்னொரு தொற்று வந்தால் இப்படியான அப்பைப் போடலாமா? நான் போகும் இடமெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியவருமா? அப்பை அழித்தால் எல்லாம் அழிந்துவிடுமா? பற்றரியும் இறங்கிவிடும் என்கிறார்களே.

அன்புடன்,
ச., வெள்ளவத்தை

*

அன்புள்ள ச.,

பற்றரிக் கதையை விடுங்கள். இந்த அப்கள் பாவிப்பது குறைந்த சக்தியில் ஓடும் புளூடூத். பேஸ்புக் அதைவிடக் கூடக் குடிக்கும். மாமாவுக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. அவருடைய வங்கிப் புத்தகத்தையும் மருந்துத் துண்டையும் லிஃப்டுக்குப் பக்கத்து அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்புக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஆனால் உள்ளே இரண்டு சாதி. 2020 மே 20இல் அப்பிளும் கூகுளும் சேர்ந்து வெளியிட்ட முறை ஒன்று. அதே வருடம் ஜூன் 16இல் வந்த ஜேர்மனியின் அப் அதில்தான் ஓடியது. உங்கள் போன் நாளுக்கொரு சாவியைத் தானே உண்டாக்கும். அந்தச் சாவியிலிருந்து பத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் இலக்கங்களைக் காற்றில் விடும். பக்கத்துப் போன் அதைக் கேட்டுத் தனக்குள் 14 நாள் வைத்திருக்கும். அதில் உங்கள் பெயரும் இல்லை, இடமும் இல்லை. உங்களுக்குத் தொற்று என்று தெரிந்து, நீங்களும் சம்மதித்தால் அந்த நாட்களின் சாவிகள் மட்டும் சேர்வருக்கு, அதாவது அப்பை நடத்துபவர்களின் மையக் கணினிக்குப் போகும். மற்றவர்களின் போன்கள் அவற்றை இறக்கி, தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்கும். யார் யாரைச் சந்தித்தார் என்பது சேர்வருக்குத் தெரியவராது. இந்த முறையில் ஓடும் அப் லொகேஷன் அனுமதி கேட்கவே கூடாதென்று இரண்டு நிறுவனங்களும் தடையும் போட்டிருந்தன.

அப்படியானால் போன் ஏன் லொகேஷனைத் திறக்கச் சொன்னது? பலரை வெருட்டியது இந்த இடம்தான். கடைகளிலும் நிலையங்களிலும், கலங்கரை விளக்குப்போலத் தம் இருப்பைப் புளூடூத்தில் அறிவித்தபடி நிற்கும் சில கருவிகளைப் பொருத்தியிருப்பார்கள். அவற்றைக் கேட்கும் போன் தான் எங்கே நிற்கிறது என்று ஊகிக்கலாம். அதனால் அன்ட்ரொயிட் புளூடூத் தேடலையே லொகேஷன் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தது. அன்ட்ரொயிட் 10 வரைக்கும் லொகேஷன் பொத்தான் திறந்திருக்காவிட்டால் இந்த முறை வேலை செய்யாது. 11இல் இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். போன் முழுவதற்குமான பொத்தான் வேறு, அந்த அப்புக்குத் தனியாகக் கொடுக்கும் அனுமதி வேறு. நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டாவதை: செட்டிங்ஸ், அப்ஸ், அந்த அப்பின் பெயர், பெர்மிஷன்ஸ். அங்கே லொகேஷன் “எந்நேரமும்” என்று இருந்தால் உங்கள் பயம் சரி.

மற்றச் சாதி, பதியும்போதே போன் இலக்கமோ அடையாள அட்டை இலக்கமோ கேட்கும். சிங்கப்பூரின் ட்ரேஸ்டுகெதர் 2020 மார்ச் 20இல் அப்படித்தான் வந்தது. சந்திப்புகளின் பட்டியல் போனிலேயே இருக்கும். தொற்று வந்தவரின் பட்டியல் சேர்வருக்குப் போனதும் யார் யார் என்று சுகாதார அமைச்சு பிரித்தெடுக்கும். தொடர்பு தேடுவதற்கு மட்டும் என்று சொல்லித்தான் சனத்தைப் போடவைத்தார்கள். 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் பொலிஸும் அதை எடுக்கலாம் என்று பாராளுமன்றத்தில் சொன்னார்கள். சனம் கொதித்த பிறகு, பெப்ரவரியில் ஏழு வகைப் பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். அப்பில் ஒரு வரியும் மாறவில்லை, மாறியது சொல்தான். நோர்வேயின் அப் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து ஒரே இடத்தில் குவித்தது. அந்த நாட்டுத் தரவு ஆணையம் தலையிட, 2020 ஜூனில் நிறுத்தி, சேர்த்ததையும் அழித்தார்கள். இந்தியாவின் ஆரோக்கிய சேதுவும் புளூடூத், ஜிபிஎஸ் இரண்டையும் கேட்ட அப்தான்.

ஆகவே போடலாமா என்றால், முதல் சாதியென்றால் போடுங்கள். இரண்டாவதென்றால், எந்தத் திகதியில் அழிப்பார்கள் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை (அப்பை நேரே போனில் ஏற்றும் கோப்பு) மட்டும் தொடவேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனா வரைபடம் என்று சொல்லி வந்த ஒன்று, போனைப் பூட்டிவிட்டுப் பிட்கொயின் கேட்டது. கியூஆர் ஒட்டியை ஸ்கான் பண்ணும்போதும் மேலே வரும் முகவரியைப் பாருங்கள். தொடக்கத்து “https://” போக வரும் முதல் சரிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் “டொட் கவ் டொட் எல்கே” (.gov.lk) என்று முடியவேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு டொட்டும் வேறு பெயரும் தொங்கினால் அது அரசாங்கத்தின் பக்கம் அல்ல. அப்பை அழித்தால் உங்கள் போனில் இருக்கிற பிரதிதான் போகும், சேர்வரில் இருப்பது அங்கேயே இருக்கும். “எனது தரவை நீக்கு” என்று உள்ளே ஒரு பொத்தான் இருந்தால், முதலில் அதை அழுத்திவிட்டுப் பிறகு அப்பை எடுங்கள். இன்னொன்று: புளூடூத் சுவரைத் தாண்டும். உங்கள் கட்டில் எந்தச் சுவரோடு ஒட்டியிருக்கிறதோ, அந்தச் சுவருக்கு அப்பால் படுத்திருப்பவரும் இரவு முழுக்க உங்களோடு இருந்ததாகக் கணக்கு வரக்கூடும்.

சரி. உங்கள் கடிதத்தில் என்னைக் குத்திய வரி வேறு. “அதற்குப் பதிலாகக் கொப்பியில் ஒழுங்காக எழுதினேன்.” தங்கச்சி, பெயரில்லாத ஓர் இலக்கத்தைக் காற்றில் விடப் பயந்த நீங்கள், பெயர், ஐ.சி., போன் மூன்றையும் பேனையால் எழுதி, காலி வீதியில் கதவில்லாத ஒரு மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதுவும் ஒழுங்காக! நாலைந்து வருடமாக என் மண்டைக்குள் ஓடுவது இந்தக் கொப்பிதான். நீங்கள் கேட்டதே காணும், இனி நான் நிறுத்தமாட்டேன்.

அந்த மேசையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பார்மசி வாசல். கெட்டி அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி, சிவப்புப் பேனையால் கோடு போட்ட ஐந்து நிரல்: பெயர், ஐ.சி., போன், நேரம், உடல் வெப்பம். மேசைக் காலில் சணல் நூலால் கட்டிய ஒரேயொரு பேனை. தொற்றைத் தடுக்க வைத்த கொப்பிக்கு ஊர் முழுக்கத் தொட்ட பேனை! கைகழுவும் திரவம் சொட்டி மை பரவிய வரிகள். நீங்கள் குனிந்து எழுதும்போது உங்களுக்கு மேலே முப்பது பேரின் விபரம் விரிந்து கிடக்கிறது. உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு நீங்கள் அந்த முப்பதில் ஒருவர். போனைத் தூக்கி ஒரு படம் எடுக்க எத்தனை நொடி? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2020 மே மாதம், உணவுக் கடையொன்றில் ஒரு பெண் இப்படி எழுதிக் கொடுத்த இலக்கத்தை வைத்து, அங்கே வேலை செய்த ஆளே அவருக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டான். அந்த ஊரில் அது செய்தியாவது ஆனது.

ஐ.சி. நம்பர் வெறும் நம்பர் என்று நினைக்கிறீர்களா? பழைய அட்டையில் 78533 என்று தொடங்கினால் முதல் இரண்டும் பிறந்த வருடம், 1978. அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 533இல் 500 போக 33. ஜனவரிக்கு 31 போனால் பெப்ரவரி 2. ஆக, 1978 பெப்ரவரி 2இல் பிறந்த பெண். மார்ச் முதலாம் திகதியிலிருந்து பிறந்தவர்களுக்குக் கணக்குப் போட்டால் சில நேரம் ஒரு நாள் பிசகும். காரணம், எந்த வருடமென்றாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துத்தான் அந்த எண்ணிக்கை. கடைசி எழுத்து வி என்றால் வாக்காளர். 2016இலிருந்து வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடத்தை முழுதாக எழுதுகிறார்கள். பழையதைப் புதியதாக்க முன்னால் 19ஐயும், நாளைக் காட்டும் மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தையும் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் போதும். போனில் ஒருவர் ஆளை உறுதிப்படுத்தக் கேட்கும் கேள்விகள் எவை? முழுப் பெயர், அட்டை இலக்கம், பிறந்த திகதி. மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. அழைக்க வேண்டிய போன் இலக்கமும் பக்கத்திலேயே.

இந்தப் பழக்கத்தில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. 2020 மே மாதம் ஐ.சி.யின் கடைசி இலக்கம் பார்த்துத்தானே வெளியே விட்டார்கள்? 1, 2 என்றால் திங்கள், 3, 4 செவ்வாய், அப்படியே 9, 0 வெள்ளி. காவலில் நிற்பவருக்கெல்லாம் அட்டையை நீட்டிப் பழகிய கை, பிறகு யார் கேட்டாலும் நீட்டியது.

சரி, அந்தக் கொப்பியால் தொற்றையாவது பிடிக்க முடியுமா? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து திறந்தால் உள்ளே போன நேரம் இருக்கும், வெளியே வந்த நேரம் இருக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நின்றார்களா என்பது தெரியாவிட்டால் அது எதற்கு? 1ஐ 7 மாதிரி எழுதியவர்கள், பத்து இலக்கத்தில் ஒன்றை விட்டவர்கள் வேறு. ஆளை அழைக்கத் தேவையானது போன் இலக்கமும் திகதியும் நேரமும் மட்டும். ஐ.சி. எதற்கு? எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் “எல்லா இடமும் கேட்கிறார்கள்தானே” என்பார்.

செய்ய நினைத்திருந்தால் சுலபமாகச் செய்திருக்கலாம். உள்ளங்கையளவு துண்டுத் தாள், ஆளுக்கு ஒன்று. போன் இலக்கம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். வாய் பிளந்த ஒரு பெட்டி, போகும்போது மடித்துப் போட. இரவில் அன்றைய துண்டுகளை ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேலே திகதி. பதினைந்தாம் நாள் அந்த உறையைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் கூழ். 14 நாளுக்கு மேல் அது யாருக்கும் உதவாது.

கொப்பியோ முடிந்தது, அடுத்தது வாங்கினார்கள், முடிந்தது கவுண்டருக்குக் கீழே போனது. பிறகு? காலி முகத்திடலில் கடலை வாங்கிச் சுருளைப் பிரித்துப் படித்திருப்பீர்கள்: ஏதோ பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள், ஏதோ கந்தோரின் பழைய பட்டியல். பழைய பேப்பர்காரர் கிலோக் கணக்கில் நிறுப்பார், படித்துப் பார்த்து வாங்கமாட்டார். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக வந்தது. சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் என்று அதில் இருக்கிறது. கொப்பி அதற்கு இரண்டு வருடம் மூத்தது.

இனியாவது கேளுங்கள். கொப்பி நீட்டினால் போன் இலக்கமும் நேரமும் எழுதுங்கள், ஐ.சி. நிரலில் ஒரு கோடு இழுங்கள். யாராவது கேட்டால் “எதற்கு?” என்று திருப்பிக் கேளுங்கள். சிம்முக்கோ வேறெதற்கோ பிரதி கொடுக்கவேண்டி வந்தால், பிரதியின் குறுக்கே பேனையால் இன்ன தேவைக்கு மட்டும் என்று எழுதித் திகதியும் போடுங்கள். முகத்தை மறைக்கவேண்டாம், எழுத்துகளின் மேலே ஓடினால் போதும். போட்டோ கொப்பி அடிக்கும் இடத்தில் மங்கலாக விழுந்த தாளைக் கூடைக்குள் விடாமல் கேட்டு வாங்குங்கள். கொமியூனிகேஷன் கடையின் வட்ஸ்அப்புக்கு அட்டையின் படத்தை அனுப்பி அச்செடுத்தால், நீங்கள் “எல்லோருக்கும் அழி” என்பதை அழுத்தினாலும் அவருடைய கணினியில் டவுன்லோட்ஸ் கோப்புறைக்குள் படம் இருக்கும். அங்கேயே நின்று, அதையும் ரீசைக்கிள் பின்னையும் அழிப்பித்துவிட்டு வாருங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கடைசியாக, தங்கச்சி, நான் பிரசுரிக்காத ஒரு பகுதி. கடிதத்தின் அடியில், “உண்மையான வாசகிதான் என்று நம்புவதற்காக” என்று முழுப் பெயர், விலாசம், போன் இலக்கம், ஐ.சி. இலக்கம் எல்லாம் எழுதியிருந்தீர்கள். யார் கேட்டது? முன்பின் அறியாத ஒருவனுக்கு! மின்னஞ்சலை அழித்துவிட்டேன், குப்பைக்கூடையிலிருந்தும் எடுத்துவிட்டேன். நீங்களும் “அனுப்பியவை” பெட்டிக்குப் போய் அழியுங்கள், பிறகு ஜிமெயிலின் குப்பைக்கூடைக்கும் போங்கள். இல்லாவிட்டால் அது 30 நாள் அங்கேயே கிடக்கும். அழிப்பதற்கு முன் அந்த இலக்கத்தின் தொடக்கம் கண்ணில் பட்டுவிட்டது. போன கிழமை வந்துபோன பிறந்தநாளுக்கு என் பிந்திய வாழ்த்துகள்.