ரத்தப் புற்றுநோயில் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்கள்: கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், சிகிச்சை தரும் டாக்டர் இல்லை. மருந்தை நிறுத்தலாமா, மாற்றலாமா என்பதையெல்லாம் உங்கள் ஹெமட்டாலஜிஸ்டிடம் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, காலேஜில் எம்-ஆர்.என்.ஏ., டி-ஆர்.என்.ஏ., ஆர்-ஆர்.என்.ஏ. மூன்றோடு பாடத்தை முடித்துவிட்டார்கள். இந்த லாங் நான்-கோடிங் ஆர்.என்.ஏ. எங்கிருந்து வந்தது?

பதில்: எப்போதும் இருந்ததுதான், நாம்தான் கண்டுகொள்ளவில்லை. ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கும் இழை, நியூக்ளியோடைடு அதன் ஓர் எழுத்து. 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளம், ஆனால் புரதம் செய்யாது, அவ்வளவுதான் வரையறை. மனிதனில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000, இந்த வகை மரபணுக்கள் அதற்குக் குறைந்தவை அல்ல. சில, ஒரு மரபணுவைத் திறக்கவோ மூடவோ தேவையான நொதிகளை அந்த இடத்துக்குக் கூட்டி வருகின்றன. பலவற்றுக்கு வேலையே இல்லாமலும் இருக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: அப்பாவுக்கு சி.எல்.எல். ஃபிஷ் ரிப்போர்ட்டில் '13க்யூ14 டெலீஷன்' என்று போட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா மேடம்?

பதில்: சி.எல்.எல். என்பது பி செல் என்ற வெள்ளை அணுக்கள் மெதுவாகச் சேரும் ரத்தப் புற்றுநோய், ஃபிஷ் என்பது குரோமோசோம் மாற்றங்களைப் பார்க்கும் சோதனை, '13க்யூ14 டெலீஷன்' என்றால் 13-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு காணோம் என்று அர்த்தம். வேறு கோளாறு எதுவும் சேராமல் இது மட்டும் இருந்தால், சி.எல்.எல்.லில் ஓரளவு நல்ல வகையில்தான் சேர்ப்பார்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், அந்த இடம் காணாமல் போவதால் எந்தப் புரதம் கெடுகிறது என்று பல வருஷம் தேடியும் உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. அங்கே இருந்தவை டி.எல்.இ.யு.1, டி.எல்.இ.யு.2 என்ற இரண்டு நான்-கோடிங் மரபணுக்கள். இரண்டாவதன் இன்ட்ரானுக்குள் (படியெடுத்த பிறகு வெட்டி நீக்கப்படும் பகுதி) மிர்-15ஏ, மிர்-16-1 என்று, மற்ற மரபணுக்களை அடக்கும் இரண்டு குட்டி மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஒளிந்திருந்தன, இவை சி.எல்.எல்.லில் தொலைந்துபோகின்றன என்று 2002-ல் கார்லோ குரோச்சேயின் குழு காட்டியது. அவற்றின் வேலை, செல்லைச் சாகவிடாமல் வைக்கும் பி.சி.எல்.2 புரதத்தைக் கட்டுக்குள் வைப்பது. அவை போனதும் பி.சி.எல்.2 ஏறுகிறது, சாக வேண்டிய பி செல் சாகாமல் சேர்ந்துகொண்டே போகிறது. இன்று சி.எல்.எல்.லுக்குத் தரும் வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை அடக்குவதும் அதே பி.சி.எல்.2-வைத்தான். மாத்திரை இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தது என்று சொல்லவில்லை, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

கேள்வி: ஏ.எம்.எல்.லில் இதற்கு என்ன பங்கு?

பதில்: ஏ.எம்.எல். வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய். அதில் நான் முதலில் சொல்வது ஹாட்டிப். ஹாக்ஸ்-ஏ மரபணுக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்.என்.ஏ. ரத்த ஸ்டெம் செல் (எல்லா ரத்த செல்களும் பிறக்கும் தாய் செல்) முதிரும்போது ஹாக்ஸ்-ஏ மரபணுக்கள் அடங்க வேண்டும். என்.பி.எம்.1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள ஏ.எம்.எல்.லில் ஹாட்டிப் அளவுக்கு மீறி உற்பத்தியாகி அவற்றை அடங்கவிடாமல் வைத்திருக்கிறது. எலியின் ரத்த ஸ்டெம் செல்லில் இதை மட்டும் கூட்டிவிட்டாலே ஏ.எம்.எல். மாதிரி நோய் வருகிறது என்று 2019-ல் வெளியானது. அப்புறம் எக்ஸிஸ்ட், பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை மூடி வைப்பது. எலியின் ரத்த செல்களில் அதை நீக்கியபோது பெண் எலிகளுக்கு மட்டும் கடுமையான ரத்தப் புற்றுநோய் வந்தது, 2013-ல்.

கேள்வி: லுக்கேமியாவுக்கு நான்-கோடிங் ஆர்.என்.ஏ. பேனல் டெஸ்ட் என்று ஒரு லேபில் சொல்கிறார்கள் சார், எடுக்கலாமா?

பதில்: சார் இல்லை, அக்கா. எடுக்க வேண்டாம். ஏ.எம்.எல். அபாயத்தைக் கணிக்க டாக்டர்கள் பார்க்கும் 2022 இ.எல்.என். (ஐரோப்பிய லுக்கேமியா நிபுணர் அமைப்பு) பரிந்துரையில் இப்படி ஒரு ஆர்.என்.ஏ.கூட இல்லை. அந்தப் பணத்தில் குரோமோசோம் பரிசோதனை, என்.பி.எம்.1, எஃப்.எல்.டி.3 மரபணுச் சோதனைகள் எல்லாம் முழுசாக எடுத்தாயிற்றா என்று பாருங்கள்.

கேள்வி: மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?

பதில்: ஒன்று, கொஞ்சம் சுற்றுவழியில். குரோமோசோம் நுனிகளை நீட்டும் டெலோமரேஸ் நொதிக்குள் அச்சாக இருப்பது 451 நியூக்ளியோடைடு நீள ஆர்.என்.ஏ., அதுவும் புரதம் செய்யாதது. அந்த அச்சில் போய் ஒட்டிக்கொள்ளும் இமெடெல்ஸ்டாட்டை, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் குறைந்த அபாய எம்.டி.எஸ். (எலும்பு மஜ்ஜை ரத்த செல்களைச் சரியாகச் செய்யாத நோய்) நோயாளிகளுக்காக அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 ஜூனில் அனுமதித்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் நன்றாக இறங்கும், அதனால் ரத்தப் பரிசோதனை விடாமல் பார்க்க வேண்டும்.

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு கே562 செல்லில் மலாட்1-ஐ எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. போட்டுக் குறைக்கப் பார்க்கிறேன், சரியாகக் குறைய மாட்டேன் என்கிறது அக்கா.

பதில்: கே562 ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் லுக்கேமியா செல், மலாட்1 ஒரு லாங் நான்-கோடிங் ஆர்.என்.ஏ., எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. குறிப்பிட்ட ஆர்.என்.ஏ.வை அழிக்கப் போடும் குட்டி ஆர்.என்.ஏ. மலாட்1 நியூக்ளியஸை விட்டு வெளியே வராதது, எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. பெரும்பாலும் வெளியில்தான் வேலை செய்யும். கேப்மர் என்ற டி.என்.ஏ. வகைத் துண்டை வாங்கச் சொல்லி கைடிடம் கேளுங்கள், அது உள்ளேயே போய் ஆர்.என்.ஏஸ்-எச் என்ற நொதி மூலம் வெட்டும். இன்னொன்று, மலாட்1-இல் இன்ட்ரான் பெரும்பாலும் கிடையாது, ஆகவே சாம்பிளில் டி.என்.ஏ. கலந்திருந்தாலும் க்யூ.பி.சி.ஆரில் (ஆர்.என்.ஏ. அளவைப் பார்க்கும் சோதனை) அதே சிக்னல் வந்து, குறையவில்லை என்று ஏமாற்றும். டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் நொதி போட்டுவிட்டு, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள். குறைந்த பிறகும் செல் சும்மா வளர்ந்துகொண்டிருந்தால் மனசு உடைய வேண்டாம், 2012-ல் மலாட்1 நீக்கிய எலிகளும் நன்றாகத்தான் இருந்தன, அதையும் தீசிஸில் எழுதுங்கள்.