டாரட் கட்டில் மூன்று கை ஆட்டம்

கேள்வி: டாரட் கட்டு ஒன்று பரிசாக வந்தது. மழைக்காலத்தில் மூன்று பேர் உட்கார்ந்து ஆட இதில் ஆட்டம் உண்டா? குறிசொல்லும் சீட்டு என்று வீட்டில் தயங்குகிறார்கள். – வாசகர், மன்னார்குடி

தயக்கமே வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது சீட்டாடத்தான் பிறந்தது. குறிசொல்லும் பழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டில். மூன்று பேருக்கு இத்தாலியின் பியட்மான்ட் பகுதி ஆட்டமான ‘ஸ்கார்த்தோ’ பொருத்தம். 304 ஆடத் தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

கட்டில் 78 சீட்டு. கோல், கிண்ணம், வாள், காசு என நான்கு இனம், இனத்துக்கு 14: ராஜா, ராணி, குதிரைவீரன், சேவகன், பிறகு 10 முதல் 1 வரை. (கிண்ணத்திலும் காசிலும் எண் வரிசையைத் தலைகீழாக வைப்பது அங்குள்ள வழக்கம், புதிதாக ஆடுபவர்கள் அதை விட்டுவிடலாம்.) எண் போட்ட 21 படச்சீட்டுகளும் நிரந்தரத் துருப்பு, அதாவது எந்த இனத்தையும் வெட்டும் சீட்டு. அவற்றில் 20தான் பெரியது, 21ஐயும் வெட்டும். மீதி ஒன்று கோமாளி.

ஐந்தைந்தாக ஆளுக்கு 25 போடுங்கள். கடைசி மூன்றும் சீட்டைப் பகிர்ந்து போட்டவருக்கு. அவர் பார்த்துவிட்டு, வேண்டாத மூன்றைக் கவிழ்த்து வைக்கிறார். அவை அவர் கணக்கில் சேரும். ராஜா, துருப்பு 1, 20, கோமாளி நான்கையும் கவிழ்க்கக் கூடாது. ஒரே இனத்தைக் காலிசெய்யும்படி கழித்தால் அந்த இனத்தைத் துருப்பால் வெட்டலாம்.

போட்டவரின் வலப்பக்கத்தவர் முதலில் இறங்குவார். ஆட்டமும் வலப்பக்கமாகவே சுற்றும். கேட்ட இனம் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லாவிட்டால் துருப்பு கட்டாயம். அதுவும் இல்லாவிட்டால் எதையும் போடலாம். கோமாளியை எப்போதும் இறக்கலாம். அது பிடியை (ஒரு சுற்றில் விழுந்த சீட்டுகளை) வெல்லாது, ஆனால் இறக்கியவரிடமே திரும்பும்.

தவறு அதிகம் நடப்பது துருப்பு 1இல்தான். அது ஐந்து புள்ளி. கடைசிவரை பதுக்கினால் எந்தத் துருப்பும் அதை அடித்துவிடும். நடுவிலேயே, வேறு இனத்தை வெட்டும் சாக்கில் கரையேற்றுங்கள். ராஜாவையும் தாமதிக்காதீர்கள்: 14 சீட்டு மூன்று கையில் பிரிவதால் ஐந்தாம் சுற்றுக்குள் யாரிடமாவது அந்த இனம் தீர்ந்தே இருக்கும்.

புள்ளி: ராஜா, துருப்பு 1, 20 தலா 5, ராணி, கோமாளி 4, குதிரைவீரன் 3, சேவகன் 2, மற்றவை 1. கோமாளியைத் தனியே வைத்து, மற்றதை மும்மூன்றாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கின் கூட்டுத்தொகையிலும் 2 கழியுங்கள். ராஜா, ராணி, 7 என்றால் 10–2=8. கோமாளி விழுந்த பிடியை வென்றவரிடம் இரண்டு சீட்டு மிஞ்சும். அதில் 1 மட்டும் கழிக்கவும். மூவர் கணக்கும் சேர்ந்து 78 வராவிட்டால் எண்ணியதில் பிழை. 26க்கு மேல் லாபம், கீழே நஷ்டம்: 31 எடுத்தவருக்கு +5. ஆளுக்கொரு முறை சீட்டைப் பகிர்ந்து போட்டால் ஓர் ஆட்டம்.

குறிசொல்லும் கட்டுகள் அளவில் பெரியவை. பலவற்றில் மூலையில் எண் இருக்காது. 25ஐ விசிறியாய்ப் பிடித்தால் எது என்ன என்றே தெரியாது. ஆடும் முன் நிரந்தர மையால் இடது மேல்மூலையில் எண்ணையும் இனத்தின் முதல் எழுத்தையும் எழுதுங்கள். பின்பக்கம் மை ஊறாமல் பாருங்கள். ஊறினால் எதிராளிக்குச் சீட்டு அடையாளம் தெரிந்துவிடும். ஐப்பசி ஈரத்தில் அட்டை வளையும். ஆடி முடித்ததும் மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.