24 ராத்திரி தம் போட்ட பிரியாணி 25 மதியம் தாங்குமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் சீரகச் சம்பா ஆட்டுக்கறி பிரியாணி, கோழி வறுவல், தயிர் வெங்காயம், கடைசியில் கேக். மாமியார் 24 ராத்திரியே பிரியாணியைத் தம் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவாராம், அதிகாலை ஆராதனை முடிந்து வந்ததும் எல்லோரும் சாப்பிடுவார்களாம். இப்போது மாமியார் இல்லை. 30 பேர் வந்து சேர மதியம் ஒரு மணி ஆகிவிடுகிறது. "அதே மாதிரி ராத்திரியே செய்து வைக்கலாமா, இல்லை ஆர்டர் எடுப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிடலாமா?"

ராத்திரியே செய்து வைக்காதீர்கள். உங்கள் மாமியார் செய்தது தப்பில்லை. நடுநிசி தாண்டி தம் போட்டு, ஏழு மணிக்கெல்லாம் பெரிய தேக்சாவை ஆவி பறக்கத் திறந்திருப்பார். நீங்கள் மெனுவை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பிடும் நேரத்தை மட்டும் ஆறு மணி நேரம் தள்ளிவிட்டீர்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எல்லோரும் கறியைத்தான் சந்தேகப்படுவார்கள். சோறும் அதே அளவுக்கு மோசம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு கிருமி, பேசிலஸ் சீரியஸ் என்று பெயர், கொதிக்க வைத்தாலும் விதை மாதிரி உயிரோடு கிடக்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கிவிடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது, அதனால் "நல்லா சூடு பண்ணிட்டோம்ல" என்பது இங்கே பதிலே இல்லை. வாடையும் வராது. எங்கள் அத்தை வீட்டில் ஒரு வருஷம் பத்து மணிக்குச் சாப்பிட்டு, ஒரு மணிக்கெல்லாம் நாலு பிள்ளைகள் வாந்தி. பிரியாணி மணம் கடைசி வரை அருமையாகத்தான் இருந்தது.

அப்போ என்ன செய்வது? வேலையை இரண்டாகப் பிரியுங்கள். 30 பேருக்கு மூன்றரை கிலோ அரிசி, அதே எடை கறி போதும். 24 சாயங்காலம் கறி மசாலாவை மட்டும் முக்கால் பதம் வேகவைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாத்திரத்தோடு மூடி அடுக்களை மேடையில் வைத்துவிட்டுக் கேரல் ரவுண்ட்ஸ் பார்க்கப் போகாதீர்கள். பெரிய பாத்திரம் ஓரத்தில் ஆறிவிடும், நடுவில் கரண்டியை விட்டுப் பார்த்தால் நாலு மணி நேரம் கழித்தும் வெதுவெதுவென்றிருக்கும், கறியில் வளரும் கிருமிக்கு அதுதான் தொட்டில். அகலமான தாம்பாளங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள், முடிந்தால் தாம்பாளத்துக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ஃபிரிட்ஜில் இடம் இல்லை என்பீர்கள். கேக்கை வெளியே எடுங்கள், கிரீம் இல்லாத பிளம் கேக்குக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை.

25 காலை பதினொரு மணிக்கு மசாலாவை நடுவிலும் குமிழி வரும் வரை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஊறவைத்த அரிசியைச் சேர்த்துத் தம் போடுங்கள். பன்னிரண்டரைக்குத் தயார்.

ஒரு விலக்கு உண்டு, இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சூடாகவே இருக்கிற உணவுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு கிடையாது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை கிருமி பெருகாது. அதனால் காலை எட்டு மணிக்குச் செய்து மூடி, கீழே கங்கு, மேலே மூடியில் கங்கு என்று வைத்திருக்கும் பெரிய தேக்சா மதியம் வரை தாங்கலாம், ஆனால் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும், நடுச்சோற்றைக் கையில் எடுத்தால் வைத்திருக்க முடியாமல் சுட வேண்டும். "லேசா சூடு இருக்கு" என்றால் தாங்கவில்லை என்று அர்த்தம். ஐந்து லிட்டர் குக்கரில் செய்ததை மூடி வைத்துவிட்டு இந்த விலக்கைக் காட்டாதீர்கள், சின்னப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். ஹாட்பாக்ஸ் சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கொதிக்கும் தண்ணீர் ஊற்றி டப்பாவைச் சூடாக்கிய பிறகு சோற்றைப் போடுங்கள்.

இனி அந்த ஆர்டர்காரர். டிசம்பர் வந்தால் இவர்கள் முளைத்துவிடுவார்கள். இவர்களில் பாதிப் பேர் சமைப்பதே இல்லை. பத்து வீட்டு அட்வான்ஸை வாங்கி, ஒரு மாஸ்டரிடம் கைமாற்றி, எல்லா வீட்டுக்கும் சேர்த்து நடுராத்திரி ஒரே அடுப்பில் ஏற்றுகிறார்கள். முதல் வீட்டுக்குச் சுடச்சுடப் போகும், பத்தாவது வீடு நீங்களாக இருந்தால் ஆண்டவர்தான் காக்க வேண்டும். விலையை அப்புறம் பேசுங்கள். முதலில் "எத்தனை மணிக்கு அடுப்புப் பத்த வைப்பீங்க, எங்கே?" என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். நோட்டீஸில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் உரிமம் அல்லது பதிவு எண்) போட்டிருப்பார்கள், அதை அரசுத் தளத்தில் தேடிப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். இதையெல்லாம் நீங்களும் நானுமா பார்க்க வேண்டும்? உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பண்டிகைக்கு முன்னால் நாலு கடையில் நுழைந்து, கெட்டதைக் கீழே கொட்டி, பேப்பரில் படம் வந்ததோடு சோதனை முடிந்துவிடுகிறது. நடுராத்திரி கொட்டகையில் அண்டா ஏற்றுகிறவனை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கறி வாங்குவதும் அப்படித்தான். "வெள்ளாடு, நான் பாத்துக்கறேன்" என்று மொத்தமாகப் பிடித்துத் தருகிறவரிடம் கொடுத்தால் முந்தின ராத்திரி வெட்டிய செம்மறி வரும். 24 காலையிலேயே நீங்களே கடைக்குப் போய்க் கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள், வரிசை நீளமாக இருக்கும், பரவாயில்லை.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் உங்கள் வீட்டில் நிச்சயம் இருக்கும். பன்னிரண்டரைக்குத் திறந்ததும் முதலில் அதை அனுப்பிவிட்டு, அப்புறம் பந்தி போடுங்கள். தயிர் வெங்காயத்தை மட்டும் கடைசியில் கலக்குங்கள், முன்னாலேயே கலந்தால் தண்ணீர் விட்டுவிடும்.