கொல்லைப்புறம்: கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் கொல்லைப்புறம் 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். முழுக்கக் களிமண். மழை விட்டு இரண்டு நாளானாலும் சேறு காய்வதில்லை. செயற்கைப் புல்லை விரித்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆகுமா?

பதில்: சேறு கண்ணில் படாது, அவ்வளவுதான். தண்ணீர் அடியில் அப்படியே நிற்கும். செயற்கைப் புல்லின் அடிப்பாயில் வரிசையாகத் துளைகள் உண்டு. பெருமழையையும் அவை கீழே விட்டுவிடும். தடை அதற்கும் கீழே இருக்கிறது. களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. நன்றாக ஊறிய களிமண் மணிக்குச் சில மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் உள்ளே இழுக்கும். கனமழையோ அதைப்போலப் பல மடங்கு கொட்டும். மிச்சத் தண்ணீர் பக்கவாட்டில் வெளியேற வழி செய்வதுதான் உண்மையான வேலை. புல் விரிப்பது கடைசியில்தான்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் கொல்லையில் வந்து விழுந்தால், நீங்கள் என்ன செய்தாலும் தாங்காது. அதைத் துளையில்லாத தனிக் குழாயில் நேராக வெளியே கொண்டுபோங்கள். பல வீடுகளில் பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

பிறகு தோண்டும் வேலை. மண் ஈரமாக இருக்கும்போது கை வைக்காதீர்கள். மிதிபட்ட ஈரக் களிமண் இன்னும் இறுகிப்போகும். மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் எடுத்துவிட்டு, தோண்டிய தரைக்கே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, கொடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: அடியைச் சமமாக விட்டுவிட்டு, மேலே ஜல்லியில் மட்டும் வாட்டம் பிடிக்கிறார்கள். தண்ணீர் ஓடுவது களிமண்ணின் முதுகில். அது தொட்டிபோல இருந்தால் மேலே எப்படிச் சரித்தும் பயனில்லை. மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வீதம், 5 மீட்டருக்கு ஏழரை சென்டிமீட்டர், வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும். கண்மதிப்பை நம்பாமல் டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்துப் பாருங்கள்.

தாழ்ந்த ஓரத்தில், 6 மீட்டர் நீளத்துக்கும், தோண்டிய தரையிலிருந்து மேலும் 30 சென்டிமீட்டர் ஆழம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கால்வாய் வெட்டுங்கள். உள்ளே நெய்யப்படாத ஜியோடெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு, மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, 5 சென்டிமீட்டர் ஜல்லி போட்டு, அதன்மேல் 100 மில்லிமீட்டர் துளைக்குழாயை வையுங்கள். துளைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். கால்வாயில் தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறும். துளை கீழே இருந்தால் மட்டம் உயரும் முன்பே குழாய்க்குள் போய்விடும். குழாய்க்கும் மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். ஜல்லியால் மூடி, துணியை மேலே மடித்துவிடுங்கள்.

குழாய் போய்ச் சேரும் இடத்தைத் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள். கொல்லைத் தரையைவிட அது அரை மீட்டருக்குமேல் தாழ்ந்திருக்க வேண்டும். அப்படி இடமில்லையென்றால், ஒரு சிறு தொட்டி கட்டி, மிதவை சுவிட்ச் உள்ள நீர்மூழ்கி மோட்டார் வைப்பதே வழி. கழிவுநீர்க் குழாயில் இணைக்காதீர்கள். பக்கத்து மனைப் பக்கமும் திருப்பாதீர்கள்.

இனி, களிமண் முழுவதும் அதே துணி, இணைப்புகளில் 30 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. துணி இல்லாவிட்டால் நாளடைவில் களிமண் ஜல்லிக்குள் ஏறி இடைவெளியை அடைத்துவிடும். அதன்மேல் தூளில்லாத 20 மில்லிமீட்டர் ஜல்லி, 5 சென்டிமீட்டர் வீதம் இரண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் பிளேட் காம்பாக்டரால் (தட்டை அதிரவைத்துத் தரையை இறுக்கும் இயந்திரம்) இறுக்குங்கள். திமிசுக் கட்டையால் இடித்தாலும் சரி. மேலே 6 மில்லிமீட்டர் சிப்ஸ், அதாவது பொடி ஜல்லி, இரண்டரை சென்டிமீட்டர். உங்கள் இடத்துக்கு, இறுகும்போது குறைவதையும் சேர்த்து, தரைக்கு மூன்றரை கன மீட்டர் ஜல்லி, கால்வாய்க்கு அரை கன மீட்டருக்குச் சற்று மேல், சிப்ஸ் 0.9 கன மீட்டர் தேவைப்படும்.

கேள்வி: ஜல்லிக்குப் பதில் களிமண்ணிலேயே மணலைக் கலந்தால் போதாதா? கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் கிரஷர் தூள் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கொஞ்சம் மணலைக் கலந்தால் மணலின் இடுக்குகளைக் களிமண் நிரப்பி, காய்ந்ததும் செங்கல்போல் இறுகும். பலன் தெரிய, மண்ணில் பெரும்பகுதி மணலாகவே மாற வேண்டியிருக்கும். கிரஷர் தூள் மட்டம் பிடிக்க அருமையானது. அதனாலேயே பலர் கேட்டு வாங்குகிறார்கள். இறுகியபின் தண்ணீரை விடாது.

கேள்வி: வெளியே குழாய் கொண்டுபோக வழியில்லை. உறிஞ்சுகுழி போதுமா?

பதில்: சோதித்துப் பாருங்கள். குழி அமையும் இடத்தில், அது இறங்கும் ஆழத்துக்கே ஒரு துளை தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்புங்கள். 24 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால், உறிஞ்சுகுழி முதல் மழையில் நிரம்பி அப்படியே நிற்கும்.

கேள்வி: போன வருடம் செயற்கைப் புல் போட்டோம். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. நாய் இருப்பதால் நாற்றமும் வருகிறது.

பதில்: அந்த இடத்தின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கீழே ஜல்லி ஈரமில்லாமல் இருந்தால் அடைப்பு புல்லில்தான்: இணைப்பு நாடாவின் பசை துளைகளை மூடியிருக்கும், அல்லது இழைகளுக்கிடையே தூவிய மணலில் மண்ணும் இலைத்தூளும் படிந்திருக்கும். நாடா பிரச்சினையென்றால் அதன் இரு ஓரங்களிலும் புதிதாகத் துளை போடுங்கள். மணலென்றால் கடினமான பிரஷ்ஷால் எதிர்த்திசையில் கிளறி எடுத்து, புதிதாகத் தூவுங்கள். ஜல்லியில் தண்ணீர் தளும்பினால், அந்த இடம் அடியில் பள்ளமாக இறங்கியிருக்கிறது. புல்லைச் சுருட்டி, ஜல்லியை விலக்கி, களிமண் மட்டத்திலேயே வாட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். மேலே சிப்ஸ் கொட்டி நிரப்பினால் பள்ளம் மறையும், தண்ணீர் போகாது. நாற்றத்துக்குக் காரணமும் வடியாமல் தேங்கும் சிறுநீர்தான். வாட்டம் சரியான பிறகு, நாய் வழக்கமாகப் போகும் இடத்தை அடிக்கடி நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.